உலோகம் இல்லாத உடைகள்

2024ஆம் ஆண்டு ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தே கால் மணி. நேரத்தை இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஞாயிறுகளில் எங்கள் குடியிருப்பில் குழாய்த் தண்ணீர் பத்து மணிக்கு நின்றுவிடும். நின்ற பிறகுதான் கடைசி வாளித் துணியை எடுத்துக்கொண்டு நான் மொட்டை மாடிக்கு ஏறுவேன். அன்று ஏறியபோது, கொடியில் முன்பே காய்ந்துகொண்டிருந்த என் சாம்பல் நிறச் சுடிதாரின் கழுத்தை ஒரு பெண் உள்பக்கமாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாடி அறையில் வாடகைக்கு இருந்த இரண்டு பெண்களில் ஒருத்தி அவள். ஓசூருக்கு வெளியே, கைப்பேசிக்கான சிறு பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இருவருக்கும் வேலை. எட்டு மாதங்களாக ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கியும் நாங்கள் பேசியதில்லை. குறை என்னுடையது. பேச வேண்டிய இடத்தில் நான் தலையசைப்பேன். தலையசைக்க வேண்டிய இடத்தில் வேகமாகப் படி இறங்கிவிடுவேன்.

"அக்கா, இது உன்னுதா? இதுல கொக்கி, ஜிப்பு ஏதாச்சும் கீதா?"

"இல்ல. நாடாதான்."

"பட்டனு?"

"பிளாஸ்டிக்."

"அய்யோ, தங்கம்க்கா இது!" என்றாள்.

அந்தச் சுடிதாரை அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. முதுகலை இலக்கிய வகுப்பில் நான் மாற்றி மாற்றி அணிந்துவந்த நான்கு உடைகளில் மிகவும் மங்கியது அதுதான். அப்பாவின் பட்டறையில் கூடுதல் நேர வேலை நின்றுபோயிருந்தது. இரண்டாம் ஆண்டுக்குப் புதுத்துணி கேட்பதில்லை என்று எனக்குள் முடிவு செய்திருந்தேன். முடிவு செய்வது எளிது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் அதே சாம்பல் நிறத்தோடு முன்வரிசைக்கு நடப்பது எளிதாக இல்லை.

அவளுடைய சிக்கல் நேர்மாறானது. தொழிற்சாலை வாசலில் உடல் முழுவதையும் சோதிக்கும் கருவி ஒன்று இருந்தது. அவர்கள் கையாளும் பாகங்கள் அரிசியைவிடச் சிறியவை. ஆகவே உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் உடம்பில் குண்டூசியளவு உலோகம்கூட இருக்கக் கூடாது. அவளிடம் இருந்தவையோ ஜரிகை வைத்த கை, கண்ணாடி பதித்த கழுத்து, முதுகில் நீளமான ஜிப். சொந்த ஊரான கல்லாவியில் இருக்கும் அம்மா ஒவ்வொரு பண்டிகைக்கும் பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுத்தவை. அவற்றால் இரண்டு முறை வாசலில் நிறுத்தப்பட்டு, அவள் பெயருக்கு எதிரே இரண்டு குறிப்புகள் விழுந்திருந்தன. மூன்றாவது விழுந்தால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள்.

"புதுப்பிச்சாத்தான்க்கா எங்க வீட்டுல பாத்ரூம் முடியும்" என்றாள். "கதவு வாங்கிட்டன். தள்ளுபடியில கெடைச்சுது. செவுருதான் இன்னும் பாதி நிக்குது."

"செவுரு இல்லாம கதவா?"

"ஆமா. எங்கம்மா அதைத் தெறந்து மூடிப் பாக்குது."

நான் சிரித்துவிட்டேன். அன்றே என் சாம்பல் நிறச் சுடிதார் மாடிக்குப் போனது. அவளுடைய அரக்கு நிறக் குர்தா, முதுகில் பித்தளை ஜிப்போடு, கீழே வந்தது.

ஒரு மாதத்துக்குள், அவளுடைய அறைத்தோழியும் சேர்ந்துகொள்ள, அது ஒரு வழக்கமாகிவிட்டது. என்னிடம் இருந்த நான்கும் உலோகம் இல்லாதவை. கல்லூரி வாசலிலோ சோதனைக் கருவி கிடையாது. அவர்கள் வாரத்துக்கு ஆறு நாள் தொழிற்சாலையில் மேல்அங்கி மாட்டிக்கொள்வதால், அழகான உடையை அழகாக உடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். எனக்கு வாரத்தில் ஐந்து நாள் வெளிச்சம் தேவை. அவளுக்கு ஆறு நாள் கருவியிடமிருந்து மறைவு தேவை. மாடிப்படித் திருப்பத்தில் சக்கரம் உடைந்த ஒரு பெட்டியை வைத்தோம். வேண்டியதை எடுத்து, வேண்டாததை வைப்பது. அந்த ஆண்டு நான் ஒரு துணியும் வாங்கவில்லை. அதற்கென்று அம்மா ஒதுக்கிய தொகையில் தேர்வுக் கட்டணம் கட்டினேன். மாடிப் பெண்ணும் வேலைக்கென்று தனியாக உடை எடுக்காமல், ஊருக்குச் சிமெண்ட் மூட்டைகள் அனுப்பினாள்.

விதிகளை வகுத்தவள் அவளுடைய அறைத்தோழி. திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரி, எதையும் தீர்ப்பாகவே சொல்வாள்.

"துவைக்காம பெட்டிக்குள்ள வைக்கப்பிடாது. கறை பட்டா சொல்லணும். முக்கியமா, ஒருத்தியும் துணியைப் பிடிச்சுத் தைக்கவும் கூடாது, பிரிக்கவும் கூடாது. நீ ஒல்லிங்கதுக்காவ இடுப்பைப் பிடிச்சிட்டா, பொறவு நாங்க மூச்சுவிட வேண்டாமாட்டி?"

பித்தளை ஜிப்பை எடுத்துவிட்டு நாடா வைக்க வேண்டியிருந்தால் மட்டும், மூவரும் ஒப்பி, கீழ் வீட்டுத் தையல்கார அக்காவிடம் கொடுப்போம். அவருடைய கணவர் ஜூஜுவாடியில், நெடுஞ்சாலை ஓரத்தில், துணியும் தையல் சாமான்களும் விற்பவர். "அவரு ஊருக்கெல்லாம் ஜிப்பு விக்கிறாரு. நான் இங்க குந்தினு ஜிப்பைப் புடுங்கறேன்" என்பார் அக்கா. "நல்ல சம்சாரம்மா எங்களுது."

அம்மாதான் முதலில் மனம் ஒப்பவில்லை. "ஊரான் துணியைப் போட்டுக்கிட்டா காலேஜுக்குப் போவ? பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?" என்று ஒரு வாரம் முணுமுணுத்தார். பிறகு ஒரு நாள் காலை, நான் அரக்கு நிறக் குர்தாவை மாட்டிக்கொண்டு நின்றபோது, சமையலறையிலிருந்து விரல் நுனியில் மஞ்சளைத் தொட்டுவந்து, கீழ்விளிம்பின் உள்பக்கம் வைத்தார். புதுத்துணிக்குச் செய்வது அது. "போ. இப்ப இது உன்னுது" என்றார். இதைக் கேள்விப்பட்ட மாடிப் பெண், என் நான்கு உடைகளையும் தூக்கிக்கொண்டு வந்து, "அத்தே, இதுக்கும் வையுங்க. நானும் புதுசுதான போடறன்" என்று வாசலில் நின்றாள்.

நவம்பரில் ஓசூரில் துணி எளிதில் காயாது. நாளெல்லாம் தூறும், ஈரம் துணியில் தங்கிவிடும். அப்படியொரு திங்கட்கிழமை எனக்கு வாய்மொழித் தேர்வு இருந்தது. ஆசிரியர்கள் மூவர் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்கும் அறைக்குள் கண்ணாடி பதித்த கழுத்தோடு போகக் கூச்சமாக இருந்தது. பெட்டியிலிருந்து சாம்பல் நிறத்தையே எடுத்தேன். நான்கு மாதம் அவள் உடுத்தியதில் அதன் தோள் விரிந்திருந்தது. என் மீது ஒரு பக்கம் வழிந்தது. பிடித்துத் தைக்கக் கூடாது என்பது விதி. விதியை மீறுவது எனக்கு வராது. ஆகவே உள்பக்கம், தோள் தையலை ஒட்டி மடித்து, சிறிய ஊக்கு ஒன்றைக் குத்திக்கொண்டேன். தேர்வு நன்றாகவே போனது. வீட்டுக்கு வந்து துவைத்து, விசிறிக்குக் கீழே காயவைத்து, செவ்வாய் மாலை மடித்துப் பெட்டியில் வைத்தேன். ஊக்கை எடுக்கவில்லை.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு, நான் கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, அவள் படியேறி வந்தாள். முதல் ஷிப்டுக்குப் போனவள் பிற்பகலுக்கு முன் திரும்ப முடியாது.

"மூணாவதும் வுழுந்துடுச்சுக்கா" என்றாள். உள்ளங்கையை விரித்தாள். அதில் ஊக்கு இருந்தது.

நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். 

"நீ குத்தினதா?"

"நான்தான்."

அவள் திட்டவில்லை. "நாளைக்கு ஒன்பது மணிக்கு எச்.ஆர். ஆபீஸுல வந்து பாக்கச் சொன்னாங்க. கார்டை வாங்கி வச்சிக்கினாங்க" என்று சொல்லிவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்தாள். அறைத்தோழி ஷிப்டில் இருந்தாள். அம்மா தேநீர் கொடுத்தார், அவள் குடிக்கவில்லை.

அன்று வகுப்புக்குப் போகாமல் நான் செய்தது, எனக்குத் தெரிந்த ஒரே காரியம். மேசையில் உட்கார்ந்து அவளுக்காக ஒரு விளக்கக் கடிதம் எழுதினேன். மூன்று முறை திருத்தி, நல்ல தாளில் படியெடுத்து, அவளிடம் படித்துக் காட்டினேன். முதல் பத்தி முடியும்வரை பொறுமையாகக் கேட்டாள்.

"அக்கா, இது கல்யாணப் பத்திரிகையா?"

"ஏன்?"

"கடைசிவரைக்கும் யாருக்கு, எப்போன்னு தேட வேண்டியிருக்குது." முதல் முறையாகக் கொஞ்சம் சிரித்தாள். உடனே அந்தச் சிரிப்பும் போய்விட்டது. "எழுதிக் குடுத்தா வேலைக்கு ஆவாதுக்கா. எல்லாருந்தான் எழுதிக் குடுக்கறாங்க. ஃப்ரெண்டு துணி, தெரியாம வந்துச்சுன்னு நானும் கேட்டுல சொன்னன். அந்த செக்யூரிட்டியம்மா நம்பல. நீ வந்து சொல்லு."

வருகிறேன் என்று நான் உடனே சொல்லவில்லை. அதை இங்கே மறைக்க விரும்பவில்லை. முன்பின் தெரியாதவர்களிடம் போய் நின்று, எனக்கு ஒரு தகவல் தேவை என்று கேட்பதற்கே நான் அரை மணி நேரம் ஒத்திகை பார்ப்பவள். தையல்கார அக்கா கீழேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார் போலும். தண்ணீர்க் குடத்தோடு படியருகில் வந்து நின்று, "குத்தின கைதாம்மா ஊக்கை எடுக்கணும்" என்றார். "எழுதற கையி நாளைக்கு லீவு போடட்டும்."

"நான் வரேன்" என்றேன்.

மறுநாள் காலை நான் அந்தச் சாம்பல் நிறச் சுடிதாரையே உடுத்தினேன். ஊக்கை வாங்கி, திங்கட்கிழமை குத்திய அதே இடத்தில், அதே மடிப்பில் குத்திக்கொண்டேன். ஏன் என்று அவளிடம் சொல்லவில்லை. எட்டு மணி நகரப் பேருந்தில் போனோம். வழி முழுவதும் அவள் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்ல வேண்டிய வாக்கியங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன்.

வாசலில் அந்தப் பாதுகாவலர் அம்மா இருந்தார். அத்திப்பள்ளிக்காரர், பாதி கன்னடமும் பாதி தமிழுமாகப் பேசினார். "ஏனம்மா, ஜோடி சேத்துட்டு வந்தியா?" என்றார் அவளைப் பார்த்து. சற்று நேரத்தில் மனிதவள அலுவலகத்திலிருந்து நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் அலுவலர் வந்தார். என்னைக் காட்டி, இது யார் என்று கேட்டார்.

வரிசைப்படுத்திய வாக்கியங்கள் ஒன்றும் நினைவில் இல்லை. "ஊக்கு என்னோடது மேடம்" என்றேன். "ஒரு நிமிஷம், உங்க மெஷின் வழியா நடந்து காட்டட்டுமா?"

அவர் பதில் சொல்லும் முன்பே நடந்தேன். கருவி உரக்கக் கத்தியது. வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பாதுகாவலர் கையிலிருந்த சிறு கருவியால் என் உடம்பெங்கும் தடவினார். தோளில், தையலை ஒட்டி, அது கீச்சிட்டது.

"அதே ஜாகா" என்றார் அவர், கொஞ்சம் வியப்போடு. "நேத்து இவளுக்கும் இங்கேதா."

"எனக்குத் தோள் லூசா வழியுது. அதனால மடிச்சுக் குத்தினேன். அவளுக்கு ஊக்கே வேண்டாம், சரியா இருக்கும். பாருங்க." எல்லார் முன்னாலும் கழுத்துக்குள் கைவிட்டு ஊக்கை எடுத்தேன். துணி ஒரு பக்கமாகச் சரிந்தது. துப்பட்டாவால் மூடிக்கொண்டேன். "தைச்சிருக்கலாம். தைக்கக் கூடாதுன்னு நாங்க பேசி வச்சிருக்கோம்."

"எதுக்கு?"

பெட்டியைப் பற்றிச் சொன்னேன். ஜிப் வைத்தவை என்னிடமும், வைக்காதவை அவர்களிடமும் இருப்பதைச் சொன்னேன். அவளுக்கு முன்பு விழுந்த இரண்டு குறிப்புகளுக்குப் பிறகு இந்த ஏற்பாட்டால் நான்கு மாதம் ஒன்றுகூட விழவில்லை என்பதையும் சொன்னேன். என் குரல் எனக்கே அயலாக, உரக்கக் கேட்டது.

அலுவலர் அவளைப் பார்த்தார். "ரெண்டு பேரும் ஒரே டிரஸ்ஸா?"

"மூணு பேரு மேடம்" என்றாள் அவள். "ரூம்மேட் இப்ப லைன்ல கீறா. அவ போட்டிருக்கறதும் இந்தக்காவோடதுதான்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அலுவலர் சிரிக்கவில்லை, ஆனால் பதிவேட்டை வாங்கி, மூன்றாவது குறிப்பின் குறுக்கே ஒரு கோடு போட்டு, ஓரத்தில் கையெழுத்திட்டார். நேற்றைய நாளுக்குச் சம்பளம் கிடையாது. ஒப்பந்தம் இம்மாதக் கடைசியில் மற்றவர்களோடு புதுப்பிக்கப்படும் என்றார். அடையாள அட்டை அவள் கைக்கு வந்தது. அவள் என் கையை ஒரு முறை அழுத்திவிட்டு, கருவியின் வழியாக உள்ளே போனாள். அது ஒலிக்கவில்லை. ஊக்கைப் பாதுகாவலர் தம் மேசை டப்பாவில் போட்டுக்கொண்டார். நானும் திருப்பிக் கேட்கவில்லை.

அடுத்த பேருந்தைப் பிடித்து மூன்றாம் பாடவேளைக்குக் கல்லூரி போய்ச் சேர்ந்தேன். முன்வரிசையில் இடமிருந்தது. தோள் சரிந்துகொண்டே இருந்தது. இரண்டு முறை இழுத்துவிட்டேன். பிறகு விட்டுவிட்டு, குறிப்பு எடுக்கத் தொடங்கினேன்.