மொட்டை மாடியில் நாட்டுக் கடன்

பட்ஜெட் செய்தியைப் படித்த கணவர், "எத்தனை சைபர்னே புரியல" என்று பேப்பரை வீசினார். எனக்கு ஆவேசம் வந்துவிட்டது. லேக் கார்டன்ஸ் வீட்டு மொட்டை மாடியில் நாட்டுக் கடனைக் கோலமாகப் போட்டேன். அரிசி மாவில் ஒரு புள்ளி என்றால் லட்சம் கோடி ரூபாய். புள்ளிகள் தண்ணீர்த் தொட்டிவரை ஓடின! பக்கத்தில் அரசின் இந்த வருடச் செலவைக் காவிப் பொடியில் வைத்தேன். ஒரு மூலையில் அடங்கிவிட்டது. பேப்பர்காரர்கள் இப்படிக் காட்டினால் என்ன கேடு?

கணவரோடு மாடியேறி வந்த எதிர்வீட்டு வங்காளிச் சித்தி, காக்கிமா, "தாருண்! பிரமாதம்!" என்று கைதட்டினார். பிறகு ஹிந்தியில், "நம்ம தெருச் சாக்கடைக்கான பணம் எங்கே?" என்றார்.

ஒரு புள்ளியிலிருந்து நகநுனியால் ஒரே ஒரு துகளை எடுத்துத் தனியே வைத்தேன். மூவரும் ஆவலாய்க் குனிந்தோம்.

அதற்குள் ஓர் எறும்பு அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.