மேப்பில் இல்லாத அம்மை வீடு

மல்லிகை வாடை வந்தால் மற்றவர்களுக்குக் கல்யாணம் நினைவு வரும். பாறசாலை பஸ் ஸ்டாண்டில் பூக்கடையைத் தாண்டும்போது எனக்கு ஒரு ஃபாரம் நினைவு வரும். குழந்தை இறந்தபின் பால் வற்றுவதற்காக மார்பில் மல்லிகை கட்டியிருந்த ஒரு பெண்ணின் முன்னால் உட்கார்ந்து அதை நிரப்பினேன்.

1. நிறம் பூசியது

சுகாதாரத் திட்ட அலுவலகத்தில் எனக்கு மேப் வேலை. எந்த வார்டு கர்ப்பிணி எந்த ஆஸ்பத்திரிக்கு, எந்த வண்டியில் போக வேண்டும் என்று நிறம் பூசிக் காட்டவேண்டும். கேச்மென்ட் ஏரியா என்பார்கள். அந்த முறை கூடுதலாக ஒரு ஆம்புலன்ஸ் வந்தது. மேலே அம்பூரியில் நிறுத்துவதா, கீழே குளத்தூரிலா என்பது கேள்வி. கர்ப்பிணிகளின் பெயர் பதியும் ரெஜிஸ்டரைப் பார்த்தேன். அம்பூரி மலை வார்டில் கர்ப்பிணிகள் மிகக் குறைவு. குளத்தூருக்குச் சிவப்பும் வண்டியும், மலைக்கு வெளிர்பச்சை. பச்சை அழகாகத்தான் இருந்தது.

அந்த மலை வார்டின் நர்ஸ் ரெஜினா சிஸ்டர் மேப்பைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"சாரே, மலையில இருந்து பெண்ணெடுப்பாவ. மலைக்குப் பெண்ணு குடுக்க ஆரும் இல்ல. எங்க பிள்ளைய எல்லாம் கீழ கெட்டிப் போனவளுவ. பேரு மாப்பிள ஊரு ரெஜிஸ்டர்ல கெடக்கும். ஏழாம் மாசம் ஆளு இங்க ஏறி வந்திருவா."

"எல்லாருமா?"

"தலைப்பிரசவம் அம்மை வீட்டுலயாக்கும். சாருக்க பெஞ்சாதி எங்க பெத்தா?"

"அவளுக்க அம்மை வீட்டுல."

"பின்ன? சாருக்க மேப்புல அம்மை வீடே இல்லியே!"

எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்றால் இதை எழுத வேண்டியதில்லை. ஆனால் மறுநாள் காலை மீட்டிங். மேலதிகாரி இரண்டு தடவை போன் செய்து, "மேப் ரெடியா?" என்று கேட்டுவிட்டார். வார்டு வார்டாகப் போய் எந்தப் பெண் எங்கே இருக்கிறாள் என்று விசாரிக்க ஒரு வாரமாவது வேண்டும். "அடுத்த ரிவியூல பாப்போம் சிஸ்டர்" என்றேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

2. வண்டி நின்ற இடம்

ஷீபா அம்பூரிக்காரி. கல்யாணமாகிக் குளத்தூர் போனவள். ஏழாம் மாதம் அம்மை வீட்டுக்கு வந்திருந்தாள். ஒரு மத்தியானம், நாள் வருவதற்கு முன்பே வலி எடுத்து ரத்தப்போக்கு தொடங்கியது. ஆம்புலன்ஸ் கேட்டு போன் செய்தார்கள். வண்டி குளத்தூரில் இருந்தது, அவள் கணவன் வீட்டுக்கு இரண்டு வளைவு தள்ளி. அது மலை ஏறி வரும்வரை பொறுக்க முடியாமல் ரப்பர் ஷீட் ஏற்றும் ஜீப்பில் அவளைக் கிடத்தினார்கள். பாதி இறக்கத்தில் ஆம்புலன்ஸ் எதிரே வந்தது. ஷீபா பிழைத்தாள். குழந்தை ஆஸ்பத்திரி வாசலைப் பார்க்கவில்லை.

அன்று மத்தியானம் வரை அந்த ஆம்புலன்ஸ் மாமர நிழலில் சும்மா நின்றதாம். டிரைவர் பிறகு என்னிடம் சொன்னான்: "எங்க நிறுத்தச் சொன்னியளோ அங்க நிறுத்தினேன் சார்." உண்மைதான். நான்தான் சொன்னேன்.

3. ஃபாரம்

குழந்தை இறந்தால் காரணம் எழுத ஒரு ஃபாரம் உண்டு. ரெஜினா சிஸ்டரோடு மலையேறினேன். ஒரு தடவைகூட அவர் "நான் அன்னைக்கே சொன்னேன்" என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

ஷீபா கட்டிலில் சாய்ந்திருந்தாள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். எப்போது வலி, யார் தூக்கியது, எங்கே குழந்தையின் அசைவு நின்றது. கடைசிக் கேள்வியை அவள்தான் கேட்டாள்.

"வண்டி ஏன் சார் இங்க இல்லாம போச்சு?"

மேப் போட்டது நான் என்று சொன்னேன். அவளுடைய அம்மா அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

இப்போது எங்கள் ரெஜிஸ்டரில் ஒரு கட்டம் கூடியிருக்கிறது: பிரசவத்துக்கு எந்த வீடு? புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் நான் சொல்வது இவ்வளவுதான். மேப் போடுமுன் அந்த ஊர்ப் பெண்கள் எந்த மாதம் எங்கே இருப்பார்கள் என்று கேளுங்கள். கேட்டுத் தெரிந்த பிறகு, அடுத்த ரிவியூ என்று சொல்லாதீர்கள்.

அன்று ஷீபா வீட்டிலிருந்து கிளம்புமுன் ஃபாரத்தைச் சரிபார்த்தேன். விலாசம் காலியாக இருந்தது. கை பழக்கத்தில் எழுதத் தொடங்கியது: குளத்தூர் பஞ்சாயத்து...

ஷீபா எட்டிப் பார்த்தாள்.

"சாரே, நான் இப்பவும் இங்கயாக்கும் இருக்கேன்."