நின்ற வண்டியின் ஆயில்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாவது வரைதான் படித்தேன். ல, ள, ழ மூன்றும் இன்னும் எனக்குக் குழப்பம்தான். நம் மெக்கானிக் சங்க மலரில் அச்சுக்குக் கொடுக்கும் முன் யாராவது திருத்திவிடுங்கள். விஷயத்தை மட்டும் மாற்ற வேண்டாம்.

நான் ஓசூர் ரோட்டில் ஒரு ஜெர்மன் கார் ஷோரூமின் ஒர்க்ஷாப்பில் வேலை செய்கிறேன். வாட்டர் வாஷில் சேர்ந்து, இப்போது பே டெக்னீஷியன். பே என்றால் வண்டியைத் தூக்கி நிறுத்தி வேலை பார்க்கிற இடம். வண்டிக்கு அடியில் நிற்கிற வேலை எனக்குப் பிடிக்கும். அங்கே யாரிடமும் பேச வேண்டியதில்லை. கஸ்டமரிடம் பேசுவது சர்வீஸ் அட்வைசரின் வேலை.

ஆனால் நான் எங்கே வேலை செய்கிறேன் என்று தெரிந்ததும் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "இவ்ளோ பெரிய காருக்கு அடிக்கடி கம்பெனி சர்வீஸ் தேவையா, இல்ல சும்மா காசு புடுங்கறீங்களா?" கல்யாண வீட்டிலும் கேட்கிறார்கள், சாவு வீட்டிலும் கேட்கிறார்கள். எனக்கு வாயால் பதில் சொல்ல வராது. சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கத்தில் கேட்டதால் இங்கே எழுதுகிறேன். பதில் ஒரு வண்டியோடு சேர்ந்து இருக்கிறது. அதனால் அந்த வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஸ்டிக்கர்

அது கறுப்பு செடான், பெட்ரோல் வண்டி. ஓனர் ஸ்ரீதர் சார், பெரிய கம்பெனி ஒன்றில் உயர்ந்த வேலை. பல வருஷமாக பெங்களூரிலேயே இருக்கிற தமிழ்க் குடும்பம். வண்டியை ஓட்டியவர் தேவராஜ் அண்ணன். அல்சூர் பக்கம் ஜோகுபாளையத்துக்காரர். என் மனைவியின் வீடும் அங்கேதான் என்பதால் எனக்கு அவரை முன்பே தெரியும்.

இந்த மாதிரி வண்டிகளில் அடுத்த சர்வீஸ் எப்போது என்று டிஸ்ப்ளேயிலேயே காட்டும். வருஷம் ஒரு தடவை, அல்லது இத்தனை கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது. அது போதாதென்று எங்கள் ஒர்க்ஷாப்பில் கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவோம். அதில் எழுதும் தேதி டிஸ்ப்ளேயில் வருவதைவிட ரொம்ப முன்னால் இருக்கும். அந்தத் தேதிக்கு அட்வைசர் போன் செய்வார். வண்டி வந்தால் இன்ஜின் ஃப்ளஷ், ஏசி கிளீனிங், த்ராட்டில் கிளீனிங் என்று பில் நீளும்.

அட்வைசர் கிரண் நல்லவன்தான். மாதக் கடைசியில் டார்கெட் அவன் கழுத்தைப் பிடிக்கும்.

ஒரு தடவை ஸ்ரீதர் சார் பில்லைப் பார்த்துவிட்டு கேட்டார். "கிரண், போன தடவையும் ஃப்ளஷ், இந்தத் தடவையும் ஃப்ளஷ்ஷா? என் வயித்தைக்கூட நான் இவ்ளோ கழுவினதில்ல."

கிரண் சிரித்தான். சார் சிரிக்கவில்லை. "இனிமே வண்டி என்ன காட்டுதோ அப்பதான் வருவேன். போன் பண்ணாதீங்க" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. அந்த வண்டி ரொம்பக் குறைவாகத்தான் ஓடியிருந்தது. அடுத்த வருஷம் டிஸ்ப்ளே காட்டியபோதும் அவர் வரவில்லை. "ஓடினாத்தானே ஆயில் கெடும்" என்று தேவராஜ் அண்ணனிடம் சொல்லி, அந்த அறிவிப்பை அழித்துவிடச் சொல்லிவிட்டார்.

ஏரி ஓரம்

என் வார விடுமுறையில் ஒருநாள் சாயந்திரம் மாமியார் வீட்டுக்குப் போகும்போது அல்சூர் ஏரி ஓரம் மரத்தடியில் அந்தக் கறுப்பு வண்டியைப் பார்த்தேன். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. தேவராஜ் அண்ணன் கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கி, உதட்டில் விரலை வைத்தார்.

"மெதுவா பேசு ரவி. பெரியவரு இப்பதான் கண்ணசந்தாரு."

பின்சீட்டில் ஸ்ரீதர் சாரின் அப்பா. தலையில் குரங்குக் குல்லாய், மடியில் கம்பளி. வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். கோலார் தங்கவயலில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். மனைவி இறந்த பிறகு மகன் இங்கே கூட்டிவந்துவிட்டார். இங்கே வந்த கொஞ்ச நாளில் ஞாபகம் தடுமாற ஆரம்பித்ததாம்.

நாங்கள் பேசிய சத்தத்தில் அவர் விழித்துக்கொண்டார்.

"தேவராஜ், பங்காருபேட்டை வந்துடுச்சா?"

"ஒஸ்கோட்டை தாண்டிட்டோம் சார். முன்னாடி ஒரு லாரி நிக்குது. இப்ப கிளம்பிடும்."

"சரி சரி, அவசரப்படாத." அவர் என்னைப் பார்த்தார். "இவரு யாரு, செக்போஸ்ட்டா?"

"ஆமா சார். நம்மள விட்டுட்டாரு, போலாம்னுட்டாரு."

பெரியவர் எனக்குக் கும்பிடு போட்டுவிட்டு மறுபடி தூங்கிப்போனார். நானும் கும்பிட்டேன். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கவும் முடியவில்லை.

தேவராஜ் அண்ணன் சொன்னார். சாயந்திரம் ஆனால் பெரியவர் பையை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்பாராம். தங்கவயல் வீட்டுக்குப் போக வேண்டும் என்பாராம். ஒஸ்கோட்டை, பங்காருபேட்டை எல்லாம் அங்கே போகிற வழியில் வரும் ஊர்கள். ஸ்ரீதர் சார் ஆபீஸ் கிளம்பும்போதே, "அப்பாவை ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போய் வா" என்று சொல்லிவிடுவார். ஒரு ரவுண்டு என்றால் பத்து நிமிஷம் என்று சார் நினைத்திருந்தார். ஆனால் வண்டியில் உட்கார்ந்தால்தான் பெரியவருக்குத் தூக்கம் வந்தது. இன்ஜினை அணைத்தால் உடனே விழித்து, "வந்துட்டோமா?" என்று ரோட்டில் இறங்கப் பார்ப்பார். அதனால் இருட்டும் வரை வண்டி நின்ற இடத்தில் ஓடும். மழை நாளில் அபார்ட்மெண்ட் வாசலிலேயே ஓடும்.

"சார்கிட்ட சொல்லலாமே அண்ணே?"

"எப்படிடா சொல்றது? 'உங்க வீடு உங்க அப்பாவுக்கு யாரோ வீடாம் சார்'னு சொல்லவா? அந்த மனுஷன் அப்பாவுக்காக தனி ரூம் ஒதுக்கி, டிவி வாங்கி மாட்டி வச்சிருக்காரு."

எனக்கு அப்போது தொழில்தான் ஞாபகம் வந்தது. "அண்ணே, நிக்கிற வண்டிக்கும் ஆயில் கெடும். மீட்டர்ல கிலோமீட்டர் ஏறாது, ஆனா இன்ஜின் சூடாவே நிக்குது. சாரை சீக்கிரம் ஆயில் மாத்தச் சொல்லுங்க."

அவரும் சாரிடம் சொல்லிப் பார்த்தார். ஆனால் எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வண்டி கொண்டுவரும் டிரைவர்களுக்கு ஷோரூமில் ஏதாவது கொடுப்பார்கள். வருஷக் கடைசியில் பிரியாணி போட்டு, குக்கரோ பேகோ கொடுத்து அனுப்புவார்கள். டிரைவர் மனசு வைத்தால் வண்டி வரும் என்பது கணக்கு. ஓனர்களுக்கும் இது தெரியும்.

ஸ்ரீதர் சார் தேவராஜ் அண்ணனிடம் கேட்டாராம், "இந்த வருஷம் என்ன தர்றாங்க தேவா? குக்கரா, மிக்ஸியா?"

அதற்குப் பிறகு தேவராஜ் அண்ணன் சர்வீஸ் என்ற பேச்சையே எடுக்கவில்லை. என்னிடம் மட்டும், "இன்ஜின் சத்தம் ஒரு மாதிரி இருக்கு ரவி" என்று ஒரு தடவை சொன்னார்.

ஃப்ளாட்பெட்டில் வந்த நாள்

வண்டி ஓடாமல் நின்றுபோய் ஃப்ளாட்பெட் லாரியில் ஏறி வந்தது. ஆயில் கேப்பைத் திறந்தால் உள்ளே தார் மாதிரி கறுப்புக் கட்டி. ஆயில் போகிற வழி அடைத்து, டர்போ போய்விட்டது. இன்ஜினையும் திறக்க வேண்டிய நிலை.

ஸ்ரீதர் சார் வந்தார். மேனேஜர், கிரண், தேவராஜ் அண்ணன் எல்லோரும் பேயில் நின்றார்கள். கேப்பைக் காட்ட என்னைக் கூப்பிட்டார்கள்.

"இது ஓடினதே கொஞ்சம்தான்! உங்க கார்ல கோளாறுன்னு ஒத்துக்கங்க" என்றார் சார்.

வண்டியோடு இணைத்திருந்த ஸ்கேனரை மேனேஜர் திருப்பிக் காட்டினார். வாரன்டி இல்லை என்று சொல்வதுதான் அவர் வேலை. "சார், கிலோமீட்டர் கம்மிதான். இன்ஜின் ஓடின மணி நேரத்தைப் பாருங்க. பாதிக்கு மேல வண்டி நின்னுகிட்டே ஓடியிருக்கு. இது எங்க தப்பில்ல சார், யூசேஜ்."

சார் அந்தத் திரையைப் பார்த்தார். பிறகு திரும்பினார்.

"தேவா, எங்க நின்னுச்சு என் வண்டி?"

"சாயந்திரம் பெரியவரு..."

"ஏசி போட்டுத் தூங்கினியா?"

"இல்ல சார். அவரு வீட்டுக்குப் போகணும்பாரு. அதுக்காகத்தான்..."

"வீட்டுலதானே இருக்காரு அவரு?"

தேவராஜ் அண்ணன் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். ஏரி ஓரம் என்னிடம் சொன்ன அந்த ஒரு வார்த்தையை அங்கே சொல்லியிருந்தால் போதும்.

"காலைல தின்ன இட்லியே ஞாபகம் இல்லாத மனுஷனை எனக்குச் சாட்சி சொல்ல வைக்கிறியா?" என்றார் சார்.

எனக்குப் பேச வராது. இருந்தாலும் பேசினேன். "சார், நான் பார்த்திருக்கேன். ஏரி ஓரம். பெரியவரு தூங்கிட்டு இருந்தாரு. அண்ணன் சொல்றது நிஜம்."

சார் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் ஒரே ஏரியாவா? நெனச்சேன். அதான் ஆயில் மாத்து, ஆயில் மாத்துன்னு தொல்லை பண்ணினான்."

மேனேஜர் என் தோளைத் தொட்டு, "ரவி, நீ போப்பா, அந்தப் பக்கம் வேலை இருக்கு" என்றார்.

நான் பேசியதால் தேவராஜ் அண்ணனுக்கு நல்லது நடக்கவில்லை. சந்தேகம்தான் கூடியது.

தேவராஜ் அண்ணன் சாவியைக் கவுண்டரில் வைத்தார். வண்டியிலிருந்து தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டார். பின்சீட்டிலிருந்து குல்லாயையும் கம்பளியையும் மடித்து எடுத்துவந்து சாரிடம் நீட்டினார்.

"காது மூடற மாதிரி போடணும் சார். இல்லன்னா இருமல் வந்துடும்."

சார் அதை வாங்கிக்கொண்டார்.

சுத்தமான ஆயில்

இன்ஜின் வேலை முடிந்து வண்டி போனது. அதற்குப் பிறகு ஸ்ரீதர் சார் ஸ்டிக்கர் தேதிக்கு முன்னாலேயே வர ஆரம்பித்தார். புது டிரைவரை அனுப்பாமல் அவரே ஓட்டிவருவார். கிரண் எதைச் சொன்னாலும், "போடுங்க" என்பார். பில்லைக்கூடப் பார்ப்பதில்லை.

ஒரு தடவை ஆயிலை இறக்கினேன். தேன் மாதிரி வந்தது. கீழே கொட்டவே மனசு வரவில்லை. கிரணிடம் போய், "இது தேவையே இல்லப்பா" என்றேன்.

"சும்னே இருணா, சும்மா இரு. கஸ்டமரே கேக்கறாரு, உனக்கென்ன?"

நான் கஸ்டமர் லவுஞ்சுக்குள் அதுவரை போனதில்லை. அன்றைக்கு யூனிஃபார்மில் ஆயில் கறையோடு கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போனேன்.

"சார், இவ்ளோ சீக்கிரம் தேவையில்ல. ஆயில் நல்லா இருக்கு. வண்டி இப்ப நின்னு ஓடறதில்ல போல."

"இல்ல" என்றார். "அப்பா போயிட்டாரு."

நான் அங்கேயே நின்றேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை.

"புது டிரைவர்கிட்ட இன்ஜினை ஆஃப் பண்ணிடணும்னு சொல்லியிருந்தேன். அப்பா சாயந்திரம் ஆனா கதவைத் தட்டுவாரு. கடைசி மாசம் என்கிட்டயே வந்து கேட்டாரு, 'தம்பி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், என்னை எங்க வீட்டுல விட்டுடறீங்களா'ன்னு. என்னை யாருன்னே தெரியல. அப்பதான் புரிஞ்சுது, அன்னைக்கு தேவா ஏன் வாயை மூடிக்கிட்டான்னு."

சார் என்னிடம் தேவராஜ் அண்ணனின் நம்பரைக் கேட்டார். கொடுத்தேன். போனில் பதிந்துகொண்டு, "நான் எப்படிப் பேசறது? நீங்களே சொல்லிடுங்க" என்றார்.

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன். அடிக்கடி சர்வீஸ் தேவையா? ஸ்டிக்கரில் எழுதும் தேதிக்கெல்லாம் வர வேண்டாம். வண்டி காட்டுகிற கணக்கை மதித்து வந்தால் பெரும்பாலும் போதும். ஃப்ளஷ், த்ராட்டில் கிளீனிங் எல்லாம் வண்டிக்கு அவ்வளவு அவசியம் இல்லை. ஆனால் பெங்களூரில் கிலோமீட்டரை மட்டும் நம்பாதீர்கள். டிராஃபிக்கில் நிற்கிற நேரமும், ஏசி போட்டுக் காத்திருக்கிற நேரமும் ஓட்டம்தான். அப்படி நிற்கிற வண்டிக்கு ஆயிலைச் சீக்கிரம் மாற்றுங்கள். வண்டி எங்கே நிற்கிறது, எதற்காக நிற்கிறது என்று ஓட்டுகிறவரிடம் உட்கார்ந்து கேளுங்கள். தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். தேவையில்லாததையே நாம் விற்றுக்கொண்டிருந்தால், உண்மையில் தேவையானதைச் சொல்லும்போது யாரும் நம்பமாட்டார்கள். அன்றைக்கு நம்பாமல் போனதில் ஷோரூமுக்கு ஒரு நஷ்டமும் வரவில்லை.

அத்திபெலே

தேவராஜ் அண்ணன் இப்போது அத்திபெலேயில் ஒரு ஃபேக்டரி பஸ் ஓட்டுகிறார். போனில் சொல்ல எனக்கு மனசில்லை. விடுமுறையில் பஸ் பிடித்துப் போனேன். ஷிஃப்ட் ஆட்களை இறக்கிவிட்டு பஸ்ஸின் படியில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன ரவி, செக்போஸ்ட்டு இந்தப் பக்கம்?" என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "பெரியவரா?"

தலையாட்டினேன்.

படியில் எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். சார் சொன்னதையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். சார் மேல் ஒரு கோபமும் காட்டவில்லை. "தங்கவயலுக்குக் கொண்டுபோனாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்ல அண்ணே. இங்கயே வில்சன் கார்டன் சுடுகாட்டுல எரிச்சுட்டாங்களாம்."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தினமும் ஒஸ்கோட்டை தாண்டிட்டோம், ஒஸ்கோட்டை தாண்டிட்டோம்னு பொய் சொல்லிட்டே ஒரே இடத்துல நின்னேன். ஒருநாள் நிஜமாவே ஓட்டிட்டுப் போயிருக்கலாம் ரவி. ரெண்டு மணி நேரம்தானே? டேங்க் எப்பவும் ஃபுல்லாத்தான் இருந்துச்சு."

நீலசந்திரா
9 நவம்பர் 2025, ஞாயிற்றுக்கிழமை