அங்குலத்துக்கு ஒன்பது தையல்

கூடாரம் தைக்கும் ஆலையில் பத்தொன்பது ஆண்டுகளாகத் தரப் பரிசோதகராக இருக்கும் ஒருவரைப் பற்றி இதுவரை யாரும் நாலு வரி எழுதவில்லை. உலகம் செய்த அந்தத் தவறை இங்கே சரிசெய்கிறேன்.

ஆலையில் அவருக்கு ‘வேண்டாம் சார்’ என்று பெயர். நீள மேசை, தலைக்கு மேல் குழல்விளக்கு, கையில் பூதக்கண்ணாடி. அங்குலத்துக்கு ஒன்பது தையல் இருந்தால் முத்திரை குத்துவார். எட்டு இருந்தால் சிவப்புச் சீட்டு. ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பத்திரமாக மலைக்கு அனுப்பிவைத்த இந்த மகான், ஒருநாள்கூடக் கூடாரத்துக்குள் படுத்ததில்லை.

அவருடைய அம்மணிக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. ஜன்னல் இல்லாத அறை. நாள் முழுக்க ஆவி. கல்யாணமானதிலிருந்து அவள் கேட்டது ஒன்றுதான்: ஓடைப் பக்கமாக, கூடாரத்துக்குள் ஒரே ஒரு ராத்திரி. கேட்டுக் கேட்டுப் பதினாறாம் வருடம் இருவருக்கும் சேர்ந்தாற்போல் நாலு நாள் விடுப்பு கிடைத்தது. ரொட்டி வேன் ஓட்டும் அவள் தம்பி வண்டியோடு வந்து சேர்ந்தான்.

முதல் நாள், மலைச்சாலை ஓரத்தில் பச்சைப் புல்வெளி. பரிசோதகர் மண்டியிட்டு, பையிலிருந்து ஒரு கோலிக்குண்டை எடுத்துத் தரையில் வைத்தார். அது மெல்ல உருண்டது.

“சரிவு. வேண்டாம்.”

“நாம படுக்கப்போறோமா, கோலி விளையாடப்போறோமா?” என்றாள் அம்மணி.

அன்று மூவரும் வேனுக்குள், ரொட்டித் தட்டுகளுக்கு நடுவே படுத்தார்கள். இரண்டாம் நாள் ஏரிக்கரை. ஈரம், வேண்டாம். மூன்றாம் நாள் சாலையே முடிந்துபோயிற்று. மூட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் ஏறியதும் சமமான ஒரு காடு வந்தது. பரிசோதகர் அண்ணாந்து பார்த்தார்.

“காஞ்ச கிளை. விழுந்தா?”

“விழுந்தா நிம்மதி,” என்று அம்மணி மூட்டையை மறுபடி மாட்டினாள்.

இறங்கும்போது தம்பிக்குத் தாங்கவில்லை. “கல்யாணத்தன்னைக்கு அந்தக் கண்ணாடி கையில இல்லையா மாமா?”

“அன்னைக்கு எனக்கு லீவு.”

“நான்ல கொண்டு போயிருக்கணும்!” என்றாள் அக்கா.

கடைசி நாள் வேறொரு பாதையில் ஏறினார்கள். மதியம் தாண்டி ஒரு ஓடை. பக்கத்தில் காய்ந்த, தட்டையான மண். மேலே கிளை இல்லை. கோலி வைத்த இடத்திலேயே நின்றது. அம்மணி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“சரி,” என்றார் பரிசோதகர்.

தம்பி விசிலடித்தான். மூட்டையைப் பிரித்துக் கூடாரத் துணியை விரித்தார்கள். நம்மவர் கண்ணாடியோடு அதன்மேல் தவழத் தொடங்கினார். வாசல் ஓரத் தையலில் நின்றுவிட்டார்.

“எட்டு.”

ஓடை மட்டும் நாகரிகம் தெரியாமல் சலசலத்தது.

“மழை வந்தா ஒழுகும். மடிச்சிடு தம்பி.”

தம்பி மூலையைத் தூக்கிக் காட்டினான். “மாமா, இந்த முத்திரை உங்களுதுதானே?”

அவர் முத்திரையை வெகுநேரம் ஆராய்ந்தார். “வெள்ளிக்கிழமை சாயங்காலச் சரக்கா இருக்கும்,” என்றார், யாரோ ஒருவரின் ஒழுங்கீனத்தைச் சொல்வதுபோல.

அம்மணி துணியைக் கையில் எடுத்தாள். ஒரு நாளைக்கு முந்நூறு படுக்கை விரிப்பு மடிக்கும் கை. ஒரு முனையைத் தம்பியிடம் கொடுத்து ஒரே உதறு உதறினாள், கம்பிகளைச் செருகினாள், கால் மணி நேரத்தில் கூடாரம் நின்றது. அக்காவும் தம்பியும் உள்ளே போனார்கள். ஜிப் மூடிக்கொண்டது.

“தண்ணி சத்தம் எவ்வளவு நல்லா கேக்குதுடா!” என்று உள்ளே அவள் குரல்.

பரிசோதகர் வெளியே நின்றார். முதல் தூறல் மூக்கில் விழுந்தது.

“நான் வரலாமா?”

ஜிப் ஒரு சாண் திறந்தது. அம்மணியின் ஒரு கண் அவரை உச்சி முதல் உள்ளங்கால் வரை அளந்தது.

“கண்ணாடியை அந்தக் கல்லு மேல வைங்க.”

வைத்தார்.

“சிவப்புச் சீட்டு?”

சட்டைப்பையிலிருந்து அதுவும் வந்தது.

“கோலி?”

அதையும் வைத்தார். கல் சரிவு; கோலி உருண்டு ஓடைக்குள் போயிற்று. அவர் வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார்.

ஜிப்பும் மூடிக்கொண்டது.

“இருங்க, யோசிச்சுச் சொல்றேன்,” என்றது கூடாரம்.