கேக்கக்கா கார் விற்ற கதை

கேக்கக்காவின் காரில் மூன்றாவது கியருக்கு மட்டும் ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும், துள்ளிக்கொண்டு நியூட்ரலுக்கு வந்துவிடும். அதற்கு வீட்டிலேயே ஒரு வைத்தியம் கண்டுபிடித்திருந்தார்கள். புருஷன் மூன்றாவதைப் போட்டதும், பக்கத்து சீட்டில் இருக்கும் கேக்கக்கா ஒரு கையால் கியர்க் கம்பியை அமுக்கிப் பிடித்துக்கொள்வாள். இன்னொரு கை, வீட்டில் சுட்டு விற்கக் கொண்டுபோகும் கேக் பெட்டியை மடியில் அணைத்திருக்கும். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். இவள் மடியில் கனத்தோடுதான் ஊரெல்லாம் பிறந்தநாள் நடத்தி வைத்தாள். பேசிக்கொண்டே பிடிப்பாள், கொட்டாவி விட்டுக்கொண்டே பிடிப்பாள். பிடிக்கிறோம் என்ற நினைப்பே அவளுக்கு அற்றுப்போயிருந்தது.

தெருமுனைக் கடை காலியானபோதுதான் காரை விற்கும் பேச்சு வந்தது. கேக் கடை போட அவள் வெகுநாளாகக் கண் வைத்திருந்த இடம் அது. சனிக்கிழமைக்குள் முன்பணம் வந்தால் சாவி உனக்கு, வராவிட்டால் செல்போன் கடைக்காரருக்கு என்று கட்டடத்துக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். வீட்டில் விற்கிற மாதிரி இருந்தது கார் ஒன்றுதான்.

மெக்கானிக் வண்டிக்கு அடியில் புகுந்து, மூக்கில் கிரீஸோடு வெளியே வந்தார்.

"கியர்பாக்ஸ் உள்ளே பல்லெல்லாம் தேஞ்சு போச்சுக்கா. மாத்தினா வண்டி விலையில பாதி அதுக்கே போயிடும். போட்ட காசு திரும்பி வராது. பேசாம குறையைச் சொல்லி, விலையைக் குறைச்சு வித்துடுங்க."

"மாத்திட்டே விப்போமே. வாங்குறவன் நம்மளத் திட்டமாட்டான்," என்றார் புருஷன்.

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு ஆயிடும். மாத்தினாலும் கடை போச்சு, குறைச்சாலும் கடை போச்சு. கேட்டா சொல்லுவோம். கேக்கலைன்னா நாமளா எதுக்கு வாயைக் கொடுத்து மாட்டிக்கணும்?" என்றாள் கேக்கக்கா.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பாக்குறே."

அன்று அவள் கலக்கிய மாவில் சர்க்கரை போடவே மறந்து, ஒரு கேக்கையே குப்பையில் போட்டாள். மனசு சரியில்லை என்று ஒப்புக்கொள்ள மட்டும் வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமை ஒரு பெயிண்டர் வந்தார். முழங்கை வரைக்கும் பச்சைப் புள்ளிகள். டயரை உதைத்துப் பார்த்தார், டிக்கியில் எத்தனை பெயிண்ட் வாளி அடங்கும் என்று கணக்குப் போட்டார், விலைக்குத் தலையாட்டினார். கியரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேக்கக்காவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது.

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கலாமா?" என்றார் பெயிண்டர்.

மூவரும் ஏறினார்கள். பொய் சொன்னால் புருஷனுக்குக் காது சிவந்துபோகும் என்பதால் அவரைப் பின்சீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவள் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். மேடு பள்ளமில்லாத தெருவாகப் பார்த்து வழி சொன்னாள். வண்டியை ஓட்டிய பெயிண்டர் கேட்டால்தானே? நேரே பாலத்தில் ஏற்றி, மூன்றாவதைப் போட்டார்.

கியர் துள்ளவில்லை. துள்ளியது கேக்கக்காவின் கைதான். தானாகப் போய்க் கம்பியை அமுக்கியது. அங்கே ஏற்கெனவே பெயிண்டரின் கை இருந்தது.

அவர் கையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"என்னக்கா?"

பின்சீட்டில் புருஷன் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அவளுக்கு முகமெல்லாம் அசடு வழிந்தது. சரி, மானம் போனது போனதுதான் என்று தேய்ந்த பல், மெக்கானிக் சொன்ன கணக்கு, தெருமுனைக் கடை, சர்க்கரை இல்லாத கேக் வரைக்கும் கொட்டித் தீர்த்தாள். கடை கைவிட்டுப் போகிறதே என்று துக்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொல்லச் சொல்ல நெஞ்சு லேசாகிக்கொண்டே வந்தது.

பெயிண்டர் வண்டியை ஓரங்கட்டி, கண்ணில் நீர் வரும் வரைக்கும் சிரித்தார்.

"நானும் இதே வண்டிதாங்க வச்சிருக்கேன். மரம் விழுந்து கூரை அப்பளமா நசுங்கிடுச்சு. பழகின வண்டியாச்சேன்னுதான் இதே மாடலைத் தேடி வந்தேன். நசுங்கின அந்த வண்டியோட கியர்பாக்ஸ் கல்லு மாதிரி இருக்கு. நாளைக்குப் பழைய இரும்புக்குப் போடறதா இருந்தேன். நல்லவேளை, சொன்னீங்க. கழட்டி மாட்டுற கூலியை மட்டும் விலையில குறைச்சுக்குங்க, போதும்."

"சொன்னது நான் இல்லப்பா, என் கை," என்றாள் கேக்கக்கா. அப்புறம் மூவரும் சிரித்த சிரிப்பில், பாலத்தில் போன சைக்கிள்காரர் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை காலை முன்பணத்தை எண்ணி வாங்கிக்கொண்ட கட்டடத்துக்காரர், சாவியை நீட்டியபடி வாசலைப் பார்த்தார்.

"காரை வித்துட்டேங்கறே. கேக்கை எல்லாம் வீடு வீடா எப்படிக் கொண்டு போவே?"

கேக்கக்கா ஷட்டரைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டு, புடவையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் ஏங்க போகணும்? வேணுங்கறவங்க இங்கே வரட்டும்."