நெட்டையின் பூட்டு

மாமாவோடு வேலை பார்க்கும் நெட்டை இனிப்புப் பெட்டியோடு வீட்டுக்கு வந்த அன்றைய பேச்சு எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"அண்ணே, மொதல்ல நீங்க எடுத்துக்கணும். அப்புறந்தான் மத்தவங்க," என்று பெட்டியை மாமாவிடம் நீட்டினார்.

"என்னடா விசேஷம்? எவளாவது உன்னைக் கட்டிக்கிறேன்னுட்டாளா?"

"அதைவிடப் பெருசுண்ணே. என்னை சூப்பர்வைசரா போட்டிருக்காங்க."

அம்மா கரண்டியும் கையுமாக வந்தாள். "நல்லா இருப்பா! ஏன்டா தம்பி, நீ கூட்டிட்டு வந்து வேலையில சேர்த்த பையன், உனக்கே மேலதிகாரியா?"

"அவன் உயரத்துக்கு மேல எட்ட ஏணி எதுக்குக்கா?" என்றார் மாமா.

எல்லோரும் சிரித்தோம். நெட்டைதான் அதிகம் சிரித்தார். மாமாவும் சிரித்தார். ஆனால் அவர் விரல்களுக்கு நடுவே இருந்த இனிப்பு பொடிப்பொடியாகித் தரையில் உதிர்ந்துகொண்டிருந்தது.

மாமா, அம்மாவின் தம்பி. லிஃப்ட் மெக்கானிக். கல்யாணம் வேண்டாம் என்று எங்கள் முன்னறையிலேயே தங்கிவிட்டவர். வேலை முடிந்து வந்ததும் துணி சோப்புத் தூளைப் போட்டுக் கையைத் தேய்ப்பார். அப்படியும் நகக்கண்ணில் கிரீஸ் நிற்கும். சண்டை சச்சரவுக்குப் போகாதவர். தெருநாயைக்கூட "அட, தள்ளுப்பா" என்றுதான் விரட்டுவார். அவரைக் கண்டு பயப்படுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

அவர்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. லிஃப்ட் ஓடும் குழிக்குள் இறங்குகிறவர், முதலில் மெயின் சுவிட்சை அணைத்து, அதன் கைப்பிடியில் தன் சொந்தப் பூட்டை மாட்ட வேண்டும். சாவி அவரிடமே இருக்க வேண்டும். அவர் வெளியே வந்து திறக்கும்வரை வேறு யாரும் லிஃப்டை ஓட்ட முடியாது. நெட்டை வேலையில் சேர்ந்தபோது மாமாதான் அவருக்குச் சிவப்புப் பூட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தார். அதற்கு இரண்டு சாவி. "ஒண்ணு அண்ணன்கிட்டயே இருக்கட்டும், நான் தொலைச்சுடுவேன்," என்று நெட்டை கொடுத்துவிட்டார். கொடுத்திருக்கக் கூடாது.

சில வாரம் கழித்து, நான் வேலை பார்க்கும் கட்டடத்து லிஃப்ட் பழுதானது. இருவரும் வந்திருந்தார்கள். மாமா சாப்பாட்டை வீட்டிலேயே மறந்துவிட்டார் என்று அம்மா என்னிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். மதியம் அதை எடுத்துக்கொண்டு மாடியில் இருக்கும் மெஷின் அறைக்குப் படியேறினேன்.

கதவு திறந்திருந்தது. மாமா சுவிட்சுப் பெட்டிக்கு முன்னால், எனக்கு முதுகைக் காட்டி நின்றார். சிவப்புப் பூட்டு திறந்து, அவருடைய இடது கையில் இருந்தது. வலது கை கைப்பிடியின் மேல். அதைத் தூக்கினால் லிஃப்ட் ஓடும்.

இரும்புக் கயிறுகள் இறங்கும் துளை வழியாக, அடியிலிருந்து சீட்டியடிக்கும் சத்தம் கேட்டது. நெட்டை குழிக்குள் இருந்தார்.

"மாமா," என்றேன். எனக்கே கேட்கவில்லை. அவர் அசையவில்லை. கைப்பிடியை அவர் தூக்கவும் இல்லை, விடவும் இல்லை. அவர் புறங்கை நரம்பு புடைத்திருந்தது. ஓடிப்போய் அந்தக் கையைப் பிடிக்க நினைத்தேன். தொட்டால் கை அதிர்ந்து மேலே போய்விடுமோ என்று பயந்து வாசலிலேயே நின்றுவிட்டேன்.

சீட்டி நின்றது. "அண்ணே, மேலதான் இருக்கீங்களா? பசிக்குதுண்ணே!"

மாமாவின் கை துவண்டு கீழே விழுந்தது. பூட்டை மாட்ட இரண்டு தடவை முயன்றார், மூன்றாவதில்தான் பூட்டியது. "இருக்கேன்டா. ஏறி வா," என்றார். திரும்பியபோது என்னைப் பார்த்தார். முகம் சட்டையெல்லாம் வேர்வை.

நெட்டை மேலே வந்ததும், மாமா அந்தச் சாவியை அவர் கையில் வைத்தார். "ரெண்டும் உங்கிட்டதான்டா இருக்கணும்."

"என்னண்ணே, என்மேல நம்பிக்கை போயிடுச்சா?"

"என்மேலடா."

நல்ல நகைச்சுவை கேட்டதுபோல நெட்டை சிரித்து, சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தார். மாமா தன் பங்கையும் அவர் பக்கமே நகர்த்தினார்.

அன்று மாலை மாமாவும் நானும் நடந்தே வீடு திரும்பினோம். அவருக்கு ஓரடி தள்ளியே நடந்தேன். அதை அவர் கவனித்தார்.

"கோவம்னா நாலு வார்த்தை திட்டினா எறங்கிடும், கண்ணு. இது பொறாமை. சிரிச்சுக்கிட்டே உள்ள உக்காந்திருக்கு. பூட்டை எப்பத் தொறந்தேன்னு சத்தியமா எனக்குத் தெரியல."

"அவர்கிட்ட சொல்லிடுங்க மாமா."

"சொல்றேன். இன்னும் வாய் வரல. ஆனா ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கேன். அவன் பசிக்குதுன்னப்போ, அவன் வேலைக்கு வந்த மொத நாள் ஞாபகம் வந்துச்சு. அன்னிக்குத் தன் சாப்பாட்டுல பாதியை எனக்குக் குடுத்தான். அது ஞாபகம் வந்ததும் கை விட்டுடுச்சு."

வாசலில் நின்றார். உள்ளே அம்மாவின் குரல் கேட்டது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எனக்கு ஒரு உதவி பண்ணு. வாரா வாரம் என்னைக் கேளு, நெட்டை இந்த வாரம் என்ன நல்லது பண்ணான்னு. யோசிச்சாவது ஒண்ணு சொல்லுவேன். என்னிக்காவது எனக்குப் பதில் வரலைன்னா, என்கிட்ட எதுவும் பேசாத. அவனுக்குப் போன் போட்டு, நாளைக்குக் குழிக்குள்ள எறங்க வேண்டாம்னு சொல்லிடு."