பதினோரு மணிக்குப் பன்னிரண்டு பேர்

எனக்குச் சின்ன மென்பொருள்களைத்தான் பிடிக்கும். பெரியவை சம்பந்தி வீட்டார் மாதிரி. கேட்டதையெல்லாம் கொடுத்தாலும் முகம் சுளிக்கும். மும்பை விக்ரோலியில் ஓர் அலுவலகத்தில் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அங்கே இருப்பதெல்லாம் பெரியவை. அதனாலோ என்னவோ, தாராவியில் ஒரு சங்கத்தின் மாடியறையில், பழைய கணினியில் நான் நிறுவிய ப்ராக்ஸி என்ற குட்டி மென்பொருளின் மேல் எனக்குத் தனிப் பாசம்.

அந்தச் சங்கத்தில் பன்னிரண்டு பட்டறைகள். எல்லாரும் திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்கள். தோல்பை, பெல்ட், பர்ஸ் தைக்கிறவர்கள். சந்துக்குள் தகரக் கூரைகளுக்கு நடுவே மொபைலில் சிக்னல் வந்தால் வந்ததுதான். அதனால் எல்லாரும் சேர்ந்து மாடியறையில் ஓர் இணைய இணைப்பு வாங்கி, பன்னிரண்டு பழைய கணினிகளைப் போட்டார்கள். இணைப்பு வந்த வாரமே கிரிக்கெட் பார்க்கிற கூட்டமும் வந்துவிட்டது. ஆர்டர் அனுப்ப வேண்டியவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

என்னை இதற்குள் இழுத்துவிட்டவர் லாத்தா. லாத்தா என்றால் அக்கா. சந்து முழுக்க அவரை அப்படித்தான் கூப்பிடும். நாற்பத்தைந்து வயது, சொந்தமாகப் பட்டறை நடத்துகிறவர். என் கைப்பையின் ஜிப் போய், நான் குடியிருக்கும் செம்பூரில் யாருக்கும் சரிசெய்ய வராமல், அவரிடம் கொண்டுபோனேன். ஜிப்பை மாற்றிக்கொண்டே என் வேலை என்ன என்று கேட்டார். சொன்னேன்.

"அப்போ நெட்டுக்கு ஒரு வாட்ச்மேன் போட முடியுமாம்மா?" என்றார்.

முடியும் என்றேன். இந்த வாட்ச்மேனுக்குச் சம்பளம் வேண்டாம், சாப்பாடும் குறைவு. அடுத்த சனிக்கிழமையே போய் நிறுவினேன். அறையில் இருக்கும் கணினிகள் நேராக இணையத்துக்குப் போகாது. நடுவில் இருக்கும் ப்ராக்ஸியிடம் சொல்லிவிட்டுத்தான் போகும். அது யார், எங்கே என்று குறித்துக்கொண்டு விடும். வேண்டாத இடமென்றாலோ கூட்டம் அதிகமென்றாலோ முடியாது என்று திருப்பி அனுப்பும். நான் போட்டதை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்து, உள்ளே பிரித்துப் பார்த்து, திருத்திக்கொள்ளலாம். நிறுவ ஐந்து நிமிடம். கிரிக்கெட் கூட்டத்துக்குச் சமாதானம் சொல்லத்தான் ஒரு மணி நேரம் பிடித்தது.

மூன்றாம் நாளே போன் வந்தது, வாட்ச்மேன் சூடாகி நின்றுவிட்டான் என்று. போய்ப் பார்த்தால், அந்தக் கணினிக்கு அழகான தோலில் ஓர் உறை தைத்து, இண்டு இடுக்கில்லாமல் போர்த்தியிருந்தார்கள். "இப்படிப் போத்தினா மூச்சு முட்டிச் செத்துரும்!" என்று கத்திவிட்டேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல். அதை மறைத்துப் பழக்கமில்லை. அடுத்த வாரம் போனபோது, அதே உறையில் பெல்ட்டுக்கு அடிப்பதுபோல் காற்றுப் போக வரிசையாகப் பித்தளைக் கண்துளைகள் அடித்திருந்தார்கள். இவர்களோடு கோபமாகவே இருக்க முடியாது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

பிறகு அந்தக் கண்காட்சி வந்தது. நகரத்தின் பெரிய வணிகக் கண்காட்சி ஒன்றில் அந்த வருடம் முதல்முறையாகச் சின்னப் பட்டறைகளுக்கென்று நாற்பது கடைகள் ஒதுக்கியிருந்தார்கள். வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு இணையத்தில் பதிவு தொடங்கும். முந்துகிறவருக்குக் கடை. விட்டால் இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

லாத்தாவுக்கு அது வெறும் கடை இல்லை. பதினெட்டு வருடமாகப் பை தைக்கிறார். வரைவது, வெட்டுவது, தைப்பது எல்லாம் அவர். ஆனால் பையில் ஏறுவது எப்போதும் வேறு யாராவது ஒருவருடைய பெயர்தான். "நான் தைச்ச பையையே மாட்டிக்கிட்டு ஒரு பொம்பள லோக்கல் ரயில்ல எங்கிட்ட வந்து, இது எங்க வாங்கினேன் தெரியுமான்னு பெருமையடிக்கா. நான் என்னத்தச் சொல்ல?" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தக் கண்காட்சியில் கடை கிடைத்தால் அவர் பெயரிலேயே விற்கலாம்.

அதற்கு முந்தைய வாரம் கண்காட்சிக்காரர்கள் இரண்டு நாள் ஒத்திகைப் பக்கம் திறந்துவிட்டார்கள். முதல் நாள் பதினொன்று அடித்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அலுவலகத்தில் என் போன் அடித்தது. "மேடம், பாதிப் பேருக்கு நெட்டு போகமாட்டேங்கு. லாத்தாக்கு ஒண்ணுமே வரல." பேசியவர் சங்கத்துச் செயலாளர். எல்லாருக்கும் மூத்தவர், பட்டறையை மகனிடம் விட்டுவிட்டவர். நான் பாய் என்பேன்.

அங்கிருந்தே ப்ராக்ஸியின் குறிப்பேட்டைத் திறந்து பார்த்தேன். பத்தே முக்காலிலிருந்து ஓர் ஈ காக்கை இல்லை. சரியாகப் பதினொன்றுக்கு, ஒரே நொடியில், பெருங்கூட்டம். இணைப்புகள் நிறைந்துவிட்டன, திருப்பி அனுப்புகிறேன் என்று ப்ராக்ஸி வரிவரியாக எழுதியிருந்தது. மனிதர்கள் இப்படி வரமாட்டார்கள். யாரோ வெளியிலிருந்து தாக்குகிறார்கள் என்று முடிவுகட்டினேன். ஒரே நேரத்தில் இருபது இணைப்பு என்று வைத்திருந்த உச்சவரம்பைப் பதினைந்தாகக் குறைத்தேன். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் இன்னும் மோசம். இந்த முறையும் லாத்தாவுக்குத்தான் ஒன்றும் வரவில்லை. அவருடைய கணினி அறையிலேயே மெதுவானது. அது எழுந்து வருவதற்குள் இடமெல்லாம் தீர்ந்துவிடும். "யாரு வீடியோ பாக்கறது?" என்று போனில் கத்தினேன். "சத்தியமா ஒருத்தரும் பாக்கல மேடம்," என்றார் பாய். நம்பவில்லை. அரைநாள் லீவு போட்டு, சயானில் இறங்கி, மூச்சிரைக்க மாடியேறினேன். ஒத்திகைப் பக்கம் மாலைவரை திறந்திருந்தது. என் கண்முன்னால் செய்துகாட்டச் சொன்னேன்.

பன்னிரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். கையைக் கட்டிக்கொண்டார்கள். பாய் நடுவில் நின்று, எல்லாரும் தயாரா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "பிஸ்மில்லா," என்றார். பன்னிரண்டு விரல்களும் ஒன்றாக அழுத்தின.

என்னைத் தாக்கிய எதிரி இவர்கள்தான்.

"ஏன் பாய் இப்படி? அவங்கவங்க வந்ததும் அழுத்தக் கூடாதா?"

"அது எப்படி? தோல்கட்டு டெம்போல வந்து எறங்குமில்லா, அப்பவும் இப்படித்தான். எல்லாரும் வந்த பெறவு ஒண்ணாத்தான் கை வைப்போம். ஒருத்தன் முந்தி நல்ல தோல எடுத்துட்டா மத்தவன் மொகத்துல எப்படி முழிக்க?"

நான் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். ஒரு பக்கம் திறக்க ஒரு கணினியிலிருந்து ஆறேழு இணைப்பு புறப்படும். பன்னிரண்டை ஆறால் பெருக்கத் தெரியாமலா இத்தனை வருடம் சம்பளம் வாங்கினேன்? அதுவரை அவரவர் வசதிக்கு வந்து போனதால் இருபதே தாங்கியது. ஒருவர்பின் ஒருவராக அழுத்துங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். ஒருவரும் காதில் வாங்கவில்லை. இவர்களை மாற்றுவதைவிட அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றுவது எளிது. பதினைந்தை அழித்து இருநூறு என்று எழுதினேன். பழைய கணினி தாங்குமா என்று பயந்தேன். மறுபடி எல்லாரையும் அழுத்தச் சொன்னபோது அது அலட்டிக்கொள்ளவே இல்லை. லாத்தாவின் திரையிலும் பக்கம் வந்தது.

வியாழக்கிழமை பல்வலி என்று பொய் சொல்லி லீவு எடுத்தேன். பதினொன்று. பிஸ்மில்லா. பன்னிரண்டு திரையிலும் படிவம் திறந்தது. பக்கத்தின் மேலே மீதமுள்ள கடைகளின் எண்ணிக்கை. நாற்பது. முப்பத்தைந்து. முப்பது.

மற்ற பதினோரு பேரும் மளமளவென்று நிரப்பிவிட்டு, கடைசிப் பொத்தானுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டார்கள். லாத்தா ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடிக்கொண்டிருந்தார். இருபத்தாறு. இருபத்திரண்டு.

"அழுத்துங்க! எல்லாருக்கும் போயிடும்!" என்று கத்தினேன்.

"நீங்க முடிச்சிருங்க," என்று லாத்தாவும் சொன்னார்.

"நீ நிதானமா எழுதும்மா," என்றார் பாய். ஒருவரும் அசையவில்லை. பத்தொன்பது. பதினாறு. பதினான்கில் லாத்தா தலைநிமிர்ந்தார். பாய் தலையசைத்தார். பன்னிரண்டு விரல்கள்.

பதினோரு திரைகளில் பச்சை எழுத்து வந்தது. யாரும் எழுந்து குதிக்கவில்லை. எல்லாரும் லாத்தாவின் பின்னால் போய் நின்றார்கள். அவர் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் குறிப்பேட்டைப் பார்த்தேன். அவருடைய கணினியின் வரியும் இருந்தது; ப்ராக்ஸி அதை வெளியே அனுப்பிவிட்டது. இனி என் கையில் ஒன்றுமில்லை. அப்புறம் அங்கேயும் பச்சை வந்தது. மாடி அதிர்ந்தது. கீழே பட்டறையிலிருந்து தையல் இயந்திரங்களை நிறுத்திவிட்டு ஓடிவந்தார்கள்.

லாத்தா எழுந்திருக்கவில்லை. கடை எண்ணுக்குக் கீழே, தயாரிப்பாளர் என்ற கட்டத்தில் இருந்த ஆங்கில எழுத்துகளை விரல்வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். அவருடைய பெயர். வேறு யாருடையதும் இல்லை. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தங்கச்சி, இத இனிமே யாரும் அழிச்சிர மாட்டாங்கள்லா?"

மாட்டார்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது.